பத்துச் செக்கன்

விதிப்புத்தகம் கொழும்பு பஸ்ஸில் வந்தது.
மாங்குளம் சந்தியில் இறக்கினார்கள்,
யாருடையதோ கோழித்தீன் மூட்டையோடு சேர்த்துக் கட்டி.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம், இரண்டு மொழி.
மூன்றாவது மொழிக்காரி நான்:
ஒலுமடு மோட்டார் ஓட்டக் கழகச் செயலாளர்,
பகலில் கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுப்பவள்.

பாட்டுக்கு ஒரு சங்கம் இருந்ததாம்,
தகுதி கண்டால் பலகை தானே நீளுமாம்.
ஓட்டத்துக்கும் ஒரு சங்கம் இருக்கிறது.
அங்கே பலகை நீளாது,
படிவம்தான் நீளும்.

பாதையின் அகலம் பத்து மீற்றர் வேண்டும்.
அளந்தோம். ஒன்பதரை.
அரை மீற்றரில் ஒரு பாலை நின்றது.
வனத் திணைக்களத்துக்கு எழுதினேன்.
பதில் வரமுதல் பழம் வந்தது.
தின்றுகொண்டு அடுத்த கேள்விக்குப் போனோம்.

"இப்பாதையில் முன்னர் நிகழ்ந்த விபத்துகள்?"

பேனையைக் கடித்தேன்.
விபத்து என்றால் என்னவென்று
பின்னிணைப்பில் வரைவிலக்கணம் இருந்தது:
வாகனம் தொடர்புடையது மட்டும்.
உழவு இயந்திரம் ஒன்று, குடைசாய்ந்தது, என்று எழுதினேன்.
மற்றதெல்லாம்
வாகனம் தொடர்பில்லாதது.

"நிலம் பரிசோதிக்கப்பட்டதா?"
இதற்கு எங்களிடம் இருந்த மாதிரிச் சான்றிதழ்
நாட்டில் வேறெந்தக் கழகத்திடமும் இருக்காது.
சாண் சாணாகக் கிண்டி,
பதினொரு மாதம் முழங்காலில் நின்று தேடிய நிலம்.
இணைப்பு ஒன்று என்று இலக்கமிட்டுக் குத்தினேன்.
சிவப்பைக் கண்டால் நிற்கவேண்டும் என்கிற பாடத்தை
எங்கள் பெடியளுக்கு நடத்தத் தேவையில்லை என்று
எழுதி, பிறகு வெட்டிவிட்டேன்.

பரிசோதகர் வந்தார். பெயர் கொடிகார.
எங்கள் காதுக்கு அது கொடி பிடிக்கிறவர்.
விளங்கப்படுத்தினோம்,
எங்களைவிடக் கூடுதலாகச் சிரித்தார்.
முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டுத்தான் வந்தாராம்,
கச்சான் பொட்டலம் சட்டைப்பையில் இருந்தது.
அந்தப் பிள்ளையாரிடம் படிவம் இல்லை,
தேங்காயோடு காரியம் முடிந்துவிடும்.
இவர் லான்சரின் இரும்புக் கூட்டைத் தட்டித் தட்டி
காதை வைத்துக் கேட்டார்,
முற்றினதா என்று தேங்காய் பார்க்கிறவர் போல.
ஒட்டு சரி. பெல்ட் சரி. தீயணைப்பான் சரி.

இனிச் சாரதி.
ஆபத்தென்றால் பத்துச் செக்கனுக்குள்
வெளியே வரவேண்டும்.
வதனரூபன் ஏறினான், பூட்டினான்,
விசில்.
பதின்நான்கு.
இன்னொருமுறை. பதின்மூன்று.
இடது கால்தான், க்ளச்சுக்கும் பிரேக்குக்கும் நடுவே
ஒவ்வொரு தரமும் செருகிக்கொண்டது,
ஆஸ்பத்திரி கொடுத்த கால்.

மூன்றாம் முறை உள்ளே ஏதோ ஒரு வார் கழன்ற சத்தம்.
ஜன்னலால் வந்து
கையூன்றிப் புழுதியில் விழுந்தான்.
எட்டு!
கால் மட்டும் சப்பாத்துக் கட்டியபடி
க்ளச்சை மிதித்துக்கொண்டு உள்ளே இருந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை.
கொடிகார புத்தகத்தைப் புரட்டினார்.
சாரதி வெளியேற வேண்டும் என்று இருக்கிறது,
எவ்வளவு சாரதி என்று இல்லை.
பாலை நிழலில் நின்று கொழும்புக்கு எடுத்தார்,
கொழும்பு கடலுக்கு அப்பால் எடுத்தது.
அதுவரை காலைத் தொடவேண்டாம் என்றார்,
அது இப்போது சான்றுப்பொருள்.
வதனரூபன் ரயர் ஒன்றில் குந்தியிருந்து
ஒன்றரை மணித்தியாலம்
அவருடைய கச்சானை உடைத்துத் தின்றான்.

இருபத்தாறு நாளில் கடிதம்.
ஓட்டத்துக்கு அனுமதி.
நிபந்தனை ஒன்றே ஒன்று:
வாகனத்தில் தங்கும் எதுவும்
வாகனத்தின் பாகமாகவே கொள்ளப்படும்,
எடை அறிவிக்கப்பட வேண்டும்.

கடை பூட்டுகிற நேரம் கொண்டுவந்தான்.
தராசிலிருந்து அரிசித் தூசியைத் துடைத்தேன்.
முள் ஆடி ஆடி நின்றது, இரண்டு கிலோ முந்நூறு.
லான்சரின் நிறையோடு கூட்டப் பேனையை எடுக்க,
வதனரூபன் கேட்டான்:
"அக்கா, சப்பாத்தோடையா,
இல்லாமலா?"